மெஷின் சொன்ன குறி

பரமேஸ்வரன்: ...கிருமி இருக்குதாம்லா. லைட்ட அடிச்சதும் உன் மெஷினுக்கு சாமி வந்திருச்சா, ராகினி?

ராகினி: சாமியும் இல்ல, பூதமும் இல்லண்ணே. சொட்டு மருந்துல ஒளியப் பாய்ச்சுது, திரும்பி வர்ற ஒளியப் பாத்து சொல்லுது. கிருமி இருந்தா ஸ்கிரீன்ல கோடு வேற மாதிரி ஏறும். ஏறியிருக்கு பாருங்க.

பரமேஸ்வரன்: எனக்கு எல்லாக் கோடும் ஒண்ணாத்தான் தெரியுது. முன்னயெல்லாம் கிருமி வளருதான்னு ரெண்டு வாரம் காத்திருப்பீங்க. இப்ப காப்பி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள குறி சொல்லுதா?

ராகினி: அதுக்குத்தான பாஸ் வாங்கிப் போட்டாரு.

பரமேஸ்வரன்: பாஸ் கரப்பான் பூச்சி வெரட்டுற மெஷின்கூடத்தான் வாங்கினாரு. கரப்பான் அதுக்குள்ளயே குடும்பம் நடத்துச்சி.

ராகினி: சிரிப்பு வரலண்ணே. கண்ணு ஆப்பரேஷன் பண்ணவங்களுக்கு ஊத்துற மருந்து இது. கிருமி உள்ள போனா பார்வையே போயிரும்.

பரமேஸ்வரன்: தெரியும்லா. மருந்து தயாரிக்கிற இந்தக் கிலாங்ல பாட்டில் நெரப்புற லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர். நீ நேத்து வந்த லேப் பொண்ணு. வேற பாட்டில வச்சுப் பாரு. வாசல்ல லாரி நிக்குது, டிரைவர் பாலகிருஷ்ணன் ஹார்ன் அடிச்சிட்டான்.

ராகினி: வேற பெட்டியில இருந்தும் எடுத்து வச்சேன். அதே கோடு... அண்ணே, நேத்து ஆயுத பூஜைக்கு எங்க கும்பிட்டீங்க?

பரமேஸ்வரன்: எங்கன்னா... வாசல்லதான். நீயும்தான நின்னு பொரி அள்ளித் தின்ன.

ராகினி: வாசல்ல மட்டுமா?

பரமேஸ்வரன்: பின்ன? தொப்பி, முகமூடி, கையுறை இல்லாம உள்ள ஈகூட நொழைய முடியாது.

ராகினி: இல்ல... மெஷின் இன்னொண்ணும் காட்டுது. மஞ்சத் தண்ணி.

பரமேஸ்வரன்: ...எது?

ராகினி: வேப்பிலையும் இருக்கு.

பரமேஸ்வரன்: வேப்பிலைகூடவா தெரியும்?

ராகினி: எல்லாத்துக்கும் தனித்தனிக் கோடு. சரி, மெஷின் பொய் சொல்லுதுன்னே வச்சுக்குவோம். இந்தாங்க, இன்னைக்கு நெரப்புன பாட்டில். உங்க கண்ணுல ஒரு சொட்டு ஊத்திக்குங்க, லாரிய அனுப்பிடலாம்.

பரமேஸ்வரன்: எனக்கென்ன... கண்ணு நல்லாத்தான இருக்கு.

ராகினி: நல்ல மருந்து நல்ல கண்ண என்ன செஞ்சிரும்? அண்ணாந்து பாருங்க.

பரமேஸ்வரன்: ஏய், வேணாம்... கிட்ட கொண்டு வராத.

ராகினி: ஊரார் கண்ணுன்னா பரவாயில்லயா?

பரமேஸ்வரன்: ...அந்த லைன் தெனமும் நின்னு நின்னு மானத்த வாங்குச்சி. பாஸ் என்னைத்தான் ஏசுவாரு. அதான் நேத்து லைனக் கழுவி முடிச்ச பெறகு, சொம்போட உள்ள போயி... மருந்து இறங்குற குழாய்ல லேசா தெளிச்சேன். தொப்பி, கையுறையெல்லாம் போட்டுக்கிட்டுத்தான்.

ராகினி: சொம்புக்கும் தொப்பி போட்டீங்களா?

பரமேஸ்வரன்: கிண்டல் பண்ணாத. சுங்கை ஊடாங் கோயில் தண்ணி அது, சும்மா பைப்புத் தண்ணி இல்ல. காலையிலருந்து லைன் ஒரு தடவ நின்னுச்சா?

ராகினி: நிக்கல. கிருமியோட நல்லா ஓடுச்சி.

பரமேஸ்வரன்: ...பயமா இருக்குலா. வேல போயிரும். சரி, மெஷினே புட்டுப் புட்டு வச்ச பெறகு மறைச்சு என்ன ஆகப்போவுது. வா, லாரிய நிறுத்துவோம். பாஸ்கிட்ட நானே சொல்றேன்.

ராகினி: லாரிய காலியாவே எப்பவோ அனுப்பிட்டேண்ணே, ஹார்ன் அடிச்சது போய்ட்டு வரேன்னு சொல்ல. அப்புறம்... மெஷின் கிருமின்னு மட்டும்தான் சொல்லிச்சி. மஞ்சள், வேப்பிலையெல்லாம் நான் சொன்ன குறி. நேத்து நீங்க சொம்பு கழுவுன எங்க லேப் சிங்க் இன்னும் அடைச்சிக்கிட்டுத்தான் கெடக்கு.