பஞ்சுப் பால்

— மூட்டைய அங்கேயே வைங்க கொழுந்தனாரே, உள்ள கொண்டாராதீங்க. வாசல்லயே நாத்தம் தாங்கல.

— கடல் பஞ்சுன்னா நாறத்தான் செய்யும் மதினி. முப்பது வருசமா கத்திரியும் கையுமா இந்த நாத்தத்துலதான உக்காந்திருக்கீங்க. இன்னைக்குத்தான் மூக்கு மொளச்சுதா?

— உசுரோட அறுத்த பஞ்சு நாத்தமும் தெரியும், செத்த பஞ்சு நாத்தமும் தெரியும். எங்க, ஒண்ண எடுங்க. ம். பாருங்க, அமுக்கக்கூட இல்ல, தொட்டேன். ஊறின பார்லி ரொட்டி மாதிரி பொலபொலன்னு உதிருது. களிம்னோஸ் தீவுக்கே பெரிய கப்பித்தான் தெமெலிஸ் கொண்டாந்த சரக்கு!

— ஓரந்தான் மதினி அப்படி. ஓரத்த நறுக்கித் தள்ளிட்டு நடுவ உருண்டையா வெட்டிக் குடுங்க. வெளியூர் யாவாரிக்கு என்ன தெரியப்போவுது?

— யாவாரிக்குத் தெரியாது. குளிக்கிறவன் முதுகுல தேய்க்கிறப்ப அவனுக்குத் தெரியும். அது கெடக்கட்டும். ஈஸ்டர் முடிஞ்சு படகு கெளம்பின அன்னைக்குத் துறைமுகத்துல நின்னு என்னா பேச்சு பேசினீங்க! சக்கெல்லாரி பாவம், அழுகின பஞ்சு மாலையப் படகுக்குப் பின்னால தொங்கவிட்டுக்கிட்டு வந்தான். ஊரக் கூட்டி வச்சுல்ல சிரிச்சீங்க. 'அறுக்கத் தெரியாதவன் கையில பஞ்சு அழுகும், என் கையில அழுகாது'ன்னு.

— அவன் அறுக்கிற லட்சணம் அப்படி. வேரோட பிய்ப்பான், களவாணி. என் சரக்கு கெட்டது அறுப்பால இல்ல, சொல்றேன் கேளுங்க. போன வருசம் ருசியாவுல அணு உலை வெடிச்சுதுல்ல, அந்த மேகம். காப்பிக்கடையில எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

— ஆமா ஆமா. ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல், உங்களுக்கு ருசியா கோணல். அம்புட்டுத் தூரத்துலேருந்து மேகம் வந்து பஞ்ச மட்டும் பொறுக்கி எடுத்துக் கொன்னுச்சாக்கும். பக்கத்துக் கல்லுல உக்காந்திருக்கிற நண்டுக்கு ஒரு தும்மல்கூட வரலியே.

— அப்ப உங்க மாடியில குடி வச்சிருக்கீங்களே, கிரேத்தா தீவுலேருந்து வந்த குப்பிக்காரி, அவ என்ன சொல்றா? மூணு மாசமா ஆராய்ச்சின்னு பஞ்ச குப்பியில ஊறுகா போட்டுக்கிட்டிருக்கா. கடல்ல முழங்காலுக்கு மேல எறங்கியிருப்பாளா அவ?

— அவ பேரு மிர்சினி. நாளைக்கு ரெண்டு வாட்டி எறங்குறா, உங்கள மாதிரி காத்துக்குழாய வாயில வச்சுக்கிட்டு. உங்கள மாதிரி மேல வந்ததும் பீத்திக்கிறதில்ல, அதான் உங்களுக்குத் தெரியல.

— படிச்ச கழுதைக்கு நீங்க வக்கீலா மதினி?

— வக்கீலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ என்னைக் கூப்பிட்டு பூதக்கண்ணாடியில காட்டினா, பார்த்தேன். பஞ்ச மிதிச்சா வெள்ளையா வருதே பாலு, அதுல ஒரே ஒரு சொட்டு.

— அது அழுக்கு. எங்கப்பன் காலத்துலேருந்து படகுத் தட்டுல போட்டு மிதிச்சு அத வெளியேத்துறோம். அப்புறம் கயித்துல கோத்து தண்ணியில தொங்கவிட்டா சுத்தமாப் போயிடும். இதுல காட்டுறதுக்கு என்ன இருக்கு?

— அழுக்குன்னுதான் நானும் இத்தன வருசம் நெனச்சேன். அழுக்கு இல்ல கொழுந்தனாரே, அது ஊரு. ஒரு பஞ்சுல மூணுல ஒரு பங்கு பஞ்சே கெடையாதாம். கண்ணுக்குத் தெரியாத உசுருங்க. அந்த ஒரு சொட்டுல இருக்கிற கூட்டம் இந்த நாட்டு சனத்தவிட அதிகம்.

— யாரு போயித் தலை எண்ணினது? அதுங்களுக்கு மேயர் உண்டா? சாவு விழுந்தா பாதிரியார் வர்றாரா?

— சிரிங்க, சிரிங்க. மேயர் இருக்கோ இல்லியோ, உங்களவிட ஒழுங்கா வேல பாக்குது. ஒரு கூட்டம் பஞ்சுக்குச் சோறு ஆக்கிப் போடுது. ஒரு கூட்டம் கழிசலத் தின்னு தீக்குது. இன்னொரு கூட்டம் மீனு வந்து கடிக்காம இருக்க விஷம் காய்ச்சுது. பஞ்சு வீடு குடுத்து, நாள் முச்சூடும் தண்ணிய இழுத்து இழுத்து அதுங்களுக்கு ஊட்டுது. நல்ல புருசன் பொண்டாட்டி. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.

— அப்புறம் ஏன் செத்துச்சு? பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாளா?

— தண்ணி சுட்டுச்சு. போன கோடையும் இந்தக் கோடையும் கடல் எப்படிக் கெடந்துச்சு? ஒரு பொட்டுக் காத்து இல்லாம, அடுப்புலேருந்து எறக்கின சூப்பு மாதிரி. உள்ள இருந்த குடும்பம் கலைஞ்சு போச்சு. வீடு கலைஞ்சா திருடன் நுழைவானா மாட்டானா? பஞ்சோட நாரத் திங்கிற கிருமி ஒண்ணு நுழைஞ்சிருக்கு. வீட்டுச் சுவத்தையே அரிச்சுத் திங்குது. அதான் இந்தா, என் கையில உதிருது உங்க பெருமை.

— சரி, தெரிஞ்சுபோச்சுல்ல. குப்பிக்காரிய மருந்து போடச் சொல்லுங்க.

— மருந்துன்னு ஒண்ணு இல்ல. சீக்கு தொடாத பஞ்சுல யாரு யாரு குடியிருக்காங்கன்னு அவ பாக்கணும். அந்த இடத்துல யாரும் கத்தி வைக்காம விட்டா, அங்கேருந்து வெதை போயி மத்த பஞ்சுத் துறையெல்லாம் திரும்ப மொளைக்கும்ங்கிறா. சுத்துவட்டாரத்துல அவளுக்கு ஒண்ணும் அகப்படல. உங்ககிட்ட ஒண்ணு இருக்கு.

— எங்கிட்ட என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல.

— யாருகிட்ட கொழுந்தனாரே? அது எம் புருசன் நொமிகோஸ் கண்டுபிடிச்ச துறை. இருபத்தஞ்சு பாகம் ஆழம். அங்கேருந்து வெரசா மேல ஏறினதுல ரெண்டு காலும் போயி, பன்னண்டு வருசமா காப்பிக்கடை நாக்காலியில உக்காந்திருக்காரு. கட்டின பொண்டாட்டி எனக்குக்கூட அடையாளம் சொல்லல. தம்பிக்குச் சொன்னாரு. தம்பி வெளங்க வைப்பான்னு.

— பொம்பளைகிட்டச் சொன்னா தமுக்கு அடிச்ச மாதிரின்னு அண்ணனுக்குத் தெரியும். சொல்றேன் கேளுங்க மதினி. ரெண்டு வருசமா நான் அதுல கத்தி வைக்கல. மே மாசம் எறங்கிப் பார்த்தேன். கறுப்பா, பளபளன்னு, பசு மடி மாதிரி வரிசையா நிக்குது. எம் பொண்டாட்டி கலோத்தினா பொட்டி கட்டி வச்சுட்டா, தெரியும்ல? அவ அண்ணன் ஃபுளோரிடாவுலேருந்து காயிதமெல்லாம் அனுப்பிட்டான். அந்தத் துறை ஒண்ணு இருக்குங்கிற தெம்புலதான் நான் போமாட்டேன்னு நிக்கிறேன். அது போச்சுன்னா படக வித்துட்டு, மச்சான் ஓட்டல்ல தட்டு கழுவணும். அத ஒரு ஊறுகாக்காரிக்குக் காட்டவா?

— ஒளிச்சு வச்சா சீக்கு வராதாக்கும். சீக்குக்கு நீங்க வழி சொல்லணுமா?

— எப்படி வரும்? அங்க ஒரு பய வர்றதில்ல. காத்துக்கூட அடிக்காத மறைப்பு. தண்ணி குளம் மாதிரி அசையாம கெடக்கும்.

— அசையாதது நல்லதுன்னு யாரு சொன்னா? கேளுங்க. மிர்சினிகிட்டக் கடைசியா ரெண்டு நல்ல பஞ்சு இருந்துச்சு, தூரத்துலேருந்து வரவழைச்சது. தனித்தனித் தொட்டி. ஒரு தொட்டியில சீக்குப் பஞ்சோட பால ஊத்தினா. நாலாம் நாள் அந்தப் பஞ்சு வழுவழுன்னு வெளுத்து ஓட்டையாயிடுச்சு. மத்தது ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு.

— எவ்வளவு ஊத்தினா?

— காப்பி கலக்குற கரண்டியால ஒரு கரண்டி.

— அது தொட்டி மதினி. கடல் பெருசு.

— பெருசுதான். யாரு இல்லேன்னா?

— நீரோட்டம் இருந்தா அடிச்சுக்கிட்டுப் போயிடும்ல?

— ஓட்டம் இருந்தா போவும். என்ன, இன்னைக்குக் கேள்வியெல்லாம் வருது. பதில் மட்டுந்தான வச்சிருப்பீங்க எப்பவும்.

— சும்மாதான். அந்தப் பாலு… மெதக்குமா, முங்குமா?

— முப்பது வருசம் காலால மிதிச்ச மனுசன் என்னைக் கேக்குறீங்களா? தோலும் சதையுமா கெட்டியா வர்றது எங்க மெதக்கும்? அடிக்குத்தான் எறங்கும்.

— மிர்சினி மாடியில இருக்காளா?

— அட. பேரு வாயில வந்துருச்சே. கடலுக்குப் போயிருக்கா, மத்தியானம் வருவா. எதுக்கு?

— ஒண்ணும் இல்ல. மூட்டையக் குடுங்க மதினி, நான் வேற ஆளுகிட்ட வெட்டிக்கிறேன்.

— இருங்க, இவ்வளவு தூரம் சொமந்துக்கிட்டு வந்தத ஒண்ணு பொளந்தாவது பாக்குறேன். … இது துறைமுகத்துல அலசினது இல்லியே. டீசல் வாடை இல்ல. நம்ம துறைமுகத்துச் சேறு கறுப்பால்ல இருக்கும். இது மணலு. வெள்ளை மணலு, ஊடால செவப்புப் பொடி.

— எல்லா எடத்துலயும் மணல் வெள்ளைதான்.

— இல்ல. எனக்குத் தெரியும் இந்த மணல. உங்கண்ணன பலகையில போட்டுத் தூக்கிட்டு வந்தாங்கள்ல, அன்னைக்கு ரெண்டு கையையும் இறுக்கி மூடிக்கிட்டிருந்தாரு. வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு, கொண்டை ஊசியால நகத்துக்குள்ளேருந்து எடுத்தேன். வெள்ளையும் செவப்பும். வேற எந்த எடத்துலயும் நான் பார்த்ததில்ல. தெமெலி, எங்க அலசின?

— கத்திரியக் கீழ வைங்க மதினி.

— எங்கடா அலசின?

— எங்கேன்னு அலசுவேன்? சக்கெல்லாரியப் பார்த்துச் சிரிச்ச வாயோட, அதே மாதிரி அழுகின மாலையத் தொங்கவிட்டுக்கிட்டு துறைமுகத்துக்குள்ள வரச் சொல்றீங்களா? படகுத் தட்டுலயே மிதிச்சேன். யாரு கண்ணும் படாத எடமாப் பார்த்து, பாறை ஓரமா ஆறு பாக ஆழத்துல கல்லக் கட்டி எறக்கினேன். இந்த மூட்டை ஒரு கயிறுதான்.

— மிச்சம்?

— ஏழு கயிறு, ஒம்பது நாளா அங்கயேதான் தொங்குது மதினி, அண்ணன் துறைக்கு நேர் மேல.