பூட்டாத சைக்கிள்

சைக்கிளுக்குப் பூட்டு வாங்குபவர்கள் கனத்தைப் பார்த்து வாங்க வேண்டும். எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் அப்படி வாங்குவதில்லை. நாய்ச் சங்கிலியைச் சுற்றி, அதில் பெட்டிப் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை ஆசனத்துக்கு அடியில் செருகி வைப்பார்கள். பிறகு திருட்டுப் போய்விட்டதென்று அழுவார்கள்.

நான் அப்படி இல்லை. சட்டகத்தில் பொறித்திருந்த இலக்கத்தை நாட்குறிப்பில் எழுதி, நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தேன். போன மாசியில் பதுளை பஸ் நிலையத்தருகே என் முதல் சைக்கிள் காணாமல் போனபோது, அரை மணி நேரத்தில் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். ஹாலிஎல வரை பழைய சைக்கிள் கடைகளில் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கே பிழைவிட்டேன் என்று பல நாள் யோசித்தேன்.

"சைக்கிளுக்குப் பொறப்புப் பத்திரமே வச்சிருந்தானே நம்ம தொர, அதுவே அவன விட்டு ஓடிப்போச்சு" என்று லயமே சிரிக்கச் சொன்னான், பக்கத்து வீட்டு நிமலன். மாலை ஆங்கில வகுப்பிலும் என் பக்கத்தில்தான் உட்காருவான்.

இரண்டாவது சைக்கிளுக்கு வேறு முறை வைத்தேன். எந்தப் பூட்டையும் வெட்டலாம். ஆகவே வகுப்பு வாசலில் நிறுத்தியதும் இரண்டு பிரேக் வயர்களின் நட்டுகளையும் தளர்த்திவிடுவேன். திரும்பும்போது இறுக்குவேன். பார்த்தால் தெரியாது. வகுப்பு நடக்கும் மண்டபம் மேட்டில் இருக்கிறது, வாசலிலிருந்தே பாதை செங்குத்தாக இறங்கும். பூட்டுவதை நிறுத்தினேன். எச்சரிக்கை எழுதி ஒட்டலாமா என்றும் யோசித்தேன். ஒட்டினால் திருடன் எடுக்கமாட்டான்.

லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவசரமென்றால் யாருடைய சைக்கிளையும் எடுக்கலாம். உரக்கச் சொல்லிவிட்டு எடுத்தால் போதும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒழுங்கு தெரியாதவர்களின் வழக்கம்.

கடந்த வியாழக்கிழமை வகுப்பின் நடுவில் நிமலனுக்குத் தொலைபேசி வந்தது. விறகு பொறுக்கப் போன அவன் அம்மா ரெங்கம்மாவைக் குளவி கொட்டி, கீழே தோட்ட மருந்தகத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அவன் என் சைக்கிளில் போனான். மூன்றாவது வளைவில் மதகுச் சுவரில் மோதி அங்கேயே இறந்தான்.

சொல்லாமல் எடுத்துப் போனான் என்று பொலிஸில் சொன்னேன். திருட்டு என்று எழுதிக்கொண்டார்கள். பிரேக் மோதியதில் கழன்றிருக்கும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நான் மறுக்கவில்லை.

இழவு வீட்டில் ரெங்கம்மா வீங்கிய முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒங்க சைக்கிள ஒடச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. ஆனா எம்மவன் திருடமாட்டான்ங்க. ஒரு வார்த்த சொல்லியிருப்பான், ஒங்க காதுல விழுந்திருக்காது. பொலிஸ்ல அத மட்டும் சொல்லிருங்க சாமி."

பார்க்கிறேன் என்றேன். அதனால்தான் இந்த வாக்குமூலம். விவரம் பிழையாகப் பதிவாவது எனக்குப் பிடிக்காது.

ஆம், சொன்னான். வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி, "டேய் தினேஸ், ஒன் சைக்கிள எடுத்துட்டுப் போறேன்டா" என்றான். ஒரு கணம் என்னைப் பார்த்தபடி நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது. பிரேக் இல்லை என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். நான் கொப்பியில் திகதி எழுதிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. பதில் சொல்லியிருந்தால் அது இரவல். நான் சொல்லவில்லை. ஆகவே அது திருட்டுத்தான்.