டெல்லாவின் மரம் கிடக்கும் இடம்

குளிர்காலத்தில் பாஸ் மீன் பிடிப்பது சோம்பேறிகளுக்கென்றே வாய்த்த வேலை, மேடம். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன், இந்த வெர்லின் ஸ்டாடர்டுக்கு அப்படி ஒரு கெட்ட பெயர் உண்டு.

கோடையில் அந்த மீன் வம்புச் சண்டைக்காரன் மாதிரி. எதை வீசினாலும் பாய்ந்து வரும். ஜனவரியில் ஏரி சில்லிட்டுப் போனால் ஆளே மாறிவிடும். அணை கட்டுவதற்கு முன் ஆறு ஓடிய பள்ளத்தின் விளிம்புக்குப் போய், ஏதாவது கிளைக்கு அடியில் அசையாமல் கிடக்கும். இரை அதன் மூக்குக்கு நேரே வந்து நிற்க வேண்டும். நின்றாலும் உடனே தின்றுவிடாது, யோசிக்கும். அதனால் தூண்டிலில் மாட்டிய பொய்மீனை இறக்கி, லேசாக ஒரு சுண்டு சுண்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மூக்கு ஒழுகும். தூண்டில்கோலின் வளையங்களில் பனி அடைத்துக்கொள்ளும். கை நமநமவென்று அரிக்கும், இழுத்துப் பார்க்கலாமா என்று. இழுக்கக் கூடாது. இந்தக் கவுண்டியில் என்னைப் போலச் சும்மா இருக்கத் தெரிந்தவன் கிடையாது. வேலை பார்த்த காலத்தில் மேனேஜரும் இதையேதான் சொல்வார், வேறு தொனியில்.

கார்லண்ட் டாக்கெட்டுக்கு அது வரவே வராது. பள்ளிக்கூடத்திலிருந்து என் சிநேகிதன், என் படகில் பின்பக்கம் உட்காருகிறவன். அவனுக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது.

"ஏதாச்சும் கடிச்சிருக்குமாடா?"

"நீ போய்க் கடிச்சாத்தான் உண்டு. சும்மா இரு."

"சும்மா இருக்கத்தான் வீட்ல சோபா போட்டிருக்கேன். அதுக்கு எதுக்குடா இவ்வளவு பெட்ரோல்?"

இப்படித்தான் எங்கள் காலைகள் போகும். அவன் பேசிக்கொண்டே இருப்பான், நான் பிடித்துக்கொண்டே இருப்பேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் காய்ந்த மரங்களைப் பொறுக்கி, சிமெண்ட் கல் கட்டி ஏரியில் மூழ்கடிப்போம். கிளைக்குள் பொடிமீன் ஒளியும், பொடிமீனைத் தேடிப் பெரிய மீன் வரும். எங்கே போட்டோம் என்பதைப் பெற்ற தாயிடமும் சொல்லமாட்டோம். பாதிரியார் கேட்டால் வேறு இடத்தைச் சொல்லுவோம்.

எங்கள் இடத்தில் முதலில் போட்டது டெல்லாவின் மரம். டெல்லா என் மனைவி. கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் போய்விட்டாள். அவள் அலங்கரித்த மரத்தை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. விளக்கு எரிந்தபடி மார்ச் மாதம் வரை முன்னறையிலேயே நின்றது. இலை முழுவதும் கம்பளத்தில் கொட்டியும் நின்றது. ஒருநாள் கார்லண்ட் வந்தான். விளக்கை அணைத்தான், கண்ணாடி உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தான், "வாடா, இதை மீனுங்களுக்குக் குடுத்துட்டு வருவோம்" என்றான். மரம் தண்ணீருக்குள் இறங்கியபோது என்னைவிட அவன்தான் அதிகம் அழுதான். அதை நான் மறுக்கவில்லை. அவனுக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதைச் சுற்றி இன்னும் மரங்கள் போட்டோம். நான் கல்லறைக்குப் போவதில்லை, அங்கேதான் போவேன். தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் காட்டும் திரை ஒன்று படகில் உண்டு, அதில் மரங்கள் மங்கலாகத் தெரியும், மேலே மீன்கள் அரிசியை இறைத்தது மாதிரி நிற்கும். எனக்கு இந்த உலகத்தில் அந்த இடம்தான் இருந்தது, மேடம். வேறு எதுவும் இல்லை. அதை நன்றாகப் புரிந்துகொண்டீர்கள் என்றால் மற்றதெல்லாம் சுலபம்.

இடத்தைக் காப்பாற்ற ஒரே விதிதான். மீனோடு படம் எடுத்தால் பின்னால் வானம் மட்டுமே தெரிய வேண்டும். கரை தெரியக் கூடாது, பாறை தெரியக் கூடாது. இங்குள்ள பயல்கள் ஒரு மொட்டை மரத்தைப் பார்த்தே ஏரியின் எந்த வளைவு என்று சொல்லிவிடுவார்கள். ஓப்பலின் கடையில், தூண்டில் சாமானும் காபியும் விற்கிறாளே, அவள் கடையில், இதைப் பற்றி நான் பேசாத நாள் கிடையாது. "வெர்லின் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டான், காபியைத் தூக்கிட்டு ஓடுங்கப்பா" என்பாள். அவள் கல்லாவுக்கு மேலே என் படம் மாட்டியிருக்கிறது. போன ஜனவரியில் டெல்லாவின் மரத்துக்கு மேல் நான் பிடித்த மீன். அந்தக் குளிர்காலத்தில் அதைவிடப் பெரியதை யாரும் பிடிக்கவில்லை. கார்லண்ட் கையுறையைக் கழற்றிவிட்டு நடுங்கிக்கொண்டே எடுத்தான். எனக்கு நன்றாக அமைந்த படம் அது ஒன்றுதான்.

இந்த டிசம்பரில் ஒரு காலை போகிறேன், எங்கள் இடத்தின் மேல் மூன்று படகுகள். இளவட்டங்கள், பாட்டு வேறு. டெல்லாவின் தலைமேல் பாட்டு. ஒருவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, "வாங்க பெருசு, இடம் இருக்கு" என்றான்.

இடம் இருக்காம்.

அந்த இடம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லவில்லை. இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். கார்லண்டிடமே நேராகக் கேட்டேன்.

"நான் ஏன்டா சொல்லப்போறேன்? என் வீட்டுக்காரிகிட்டயே சொன்னதில்ல."

"பின்ன மீனா போய்ச் சொல்லுச்சு?"

"மீனைக் கேட்டுப் பாரு. எனக்குத் தெரிஞ்சா சொல்றேன்."

சிரித்தான். முகம் சிவந்துபோயிருந்தது. உள்ளே குற்றம் இருந்தால்தான் முகம் சிவக்கும். டிசம்பர் குளிரில் எல்லார் முகமும் சிவந்துதான் இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். முதலில் உங்களிடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவனுடைய பொய்மீன் அடியில் மரத்தில் மாட்டிக்கொண்டது, அதை விடுவிக்க எட்டிக் குனிந்தான், விழுந்தான். நான் முன்பக்கம் இருந்தேன். அங்கே சின்ன மோட்டாரின் மிதி இருக்கிறது, என் கால் அதன் மேல் இருந்தது. மிதித்தால் படகு நகரும். நகர்ந்தது.

மேலே வந்தவன் முதலில் சிரிக்கத்தான் செய்தான். "சிரிக்காதடா நாயே, கை குடு" என்றான். நான் சிரிக்கவில்லை. அவ்வளவு சில்லென்ற தண்ணீரில் முதலில் மூச்சு முட்டும், அப்புறம் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. அவன் படகைப் பிடிக்க வந்தான். நான் மிதித்தேன். ரொம்ப விலகவில்லை. கிட்டவும் இல்லாமல், எட்டவும் இல்லாமல், குளிர்காலத்தில் மீனுக்கு முன்னால் பொய்மீனை நிறுத்துவோமே, அந்த அளவு.

லைஃப் ஜாக்கெட்டின் கயிற்றை இழுத்தான். இழுத்தால் காற்று நிரம்பி உப்பும் ரகம் அது. மறுபடியும் இழுத்தான்.

"இது உப்ப மாட்டேங்குதுடா."

"தெரியும்" என்றேன்.

அதன் காற்றுக்குப்பியை அன்று காலையிலேயே கழற்றி என் தூண்டில் பெட்டியின் அடித்தட்டில் போட்டுவிட்டேன். இந்நேரம் எடுத்திருப்பீர்கள். அவன் ஓப்பல் கடைக்குள் எங்கள் இருவருக்கும் சாசேஜ் ரொட்டி வாங்கப் போயிருந்தான். எனக்குக் குழம்பைக் கூடுதலாக ஊற்றச் சொல்லி வாங்குவான், எப்போதும் அப்படித்தான். எல்லாம் முடிந்த பிறகும் பொட்டலம் இளஞ்சூடாக இருந்தது. சாப்பிட்டேன். அவனுடையதையும் சாப்பிட்டேன், வீணாக்கினால் அவனுக்குப் பிடிக்காது.

ஆனால் நான் அவனுக்குச் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "சொன்னேன்னு ஒத்துக்கோ, கார்லண்ட்" என்றேன்.

"சொல்லலடா. சத்தியமா சொல்லல, வெர்லின்."

காத்திருந்தேன். கை அரிக்கவே இல்லை. அவன் பல் தந்தியடிப்பது படகுவரை கேட்டது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். கடைசியில் வந்தது.

"நான்தான்டா சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். கை குடுடா."

கேட்டீர்களா? அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. அவன் டெல்லாவின் மரத்துக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான் அவனைக் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

இந்தப் படத்தை எதற்கு மேஜைமேல் வைக்கிறீர்கள்? ஓப்பல் கடையில் இருந்த படம்தானே, தெரிகிறது. காபி வாங்கும்போது இதைப் பார்த்துத்தான் அந்த இடத்துக்குப் போனோம் என்று மூன்று படகுக்காரர்களும் சொல்லியிருக்கிறார்களா?

ஆமாம், என் காதுக்குப் பின்னால் வெள்ளைப் பாறை தெரிகிறது. பக்கத்தில் தகரக் கூரை போட்ட பழைய படகுக் கொட்டகை. இத்தனை நாள் நான் மீனையும் என் முகத்தையும்தான் பார்த்திருக்கிறேன். கார்லண்ட் அன்றைக்கே சொன்னான், "டேய், கொஞ்சம் திரும்புடா, பின்னால பாறை தெரியுது" என்று. திரும்பினால் கண்ணில் வெயில் குத்துகிறது, முகம் கோணலாக விழும், பேசாமல் எடு என்று சொன்னது நான்தான். ஓப்பலிடம் கொண்டுபோய்க் கல்லாவுக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டச் சொன்னதும் நான்தான்.

அதெல்லாம் சரி, மேடம். ஆனால் படத்தை எடுத்தது யார்? நான் ஆயிரம் சொல்வேன், அவனுக்கு அறிவு எங்கே போயிற்று? அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.