பூட்டிய குரூப்

டவுணிலிருந்து பாளையங்கோட்டை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கண் தெரியாத ஓர் இளம்பெண் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாம ரெண்டு பேரும் இருக்க அந்த அரட்டை சைட்டுல, நான் நடத்துத நாலாயிரம் பேரு குரூப்ப நேத்தே யாரும் உள்ள வர முடியாம பூட்டிட்டேன்க்கா."

"எதுக்குட்டி?"

"அந்த சைட்ட எங்களுக்கு வாசிச்சுக் காட்டுத ஆப்ப, சைட்டு கம்பெனிக்காரங்க அடுத்த மாசத்தோட நிறுத்தப் போறாங்களாம். வெளி ஆளுங்க செஞ்ச எந்த ஆப்பும் இனிமே கூடாதாம். அதான் எதிர்ப்பு. சமையல் குரூப்பு, கிரிக்கெட் குரூப்பு எல்லாம் எங்ககூடச் சேந்து பூட்டிட்டாங்க."

"கண்ணு தெரியுதவங்களுமா?"

"ஆமாக்கா. எங்களுக்காவத்தான்."

வண்ணாரப்பேட்டையைத் தாண்டும்போது அவளுடைய கைபேசி படபடவென்று எதையோ வாசித்தது. அவள் முகம் மலர்ந்தது.

"என்னட்டி சொல்லுது? இந்த வேகத்துல எனக்கு ஒண்ணும் வெளங்கலியே."

"எங்க ஆப்ப மட்டும் விட்டுருதாங்களாம்க்கா! எறங்கி வந்துட்டாங்க!"

"அப்ப குரூப்பத் தெறந்துருவியா?"

"எப்படிக்கா? மத்தவங்க வச்சிருக்க ஆப்புக்கெல்லாம் இன்னும் தடை இருக்குல்லா. எங்களுக்காவப் பூட்டுனவங்கள விட்டுட்டு நான் மட்டும் தெறக்க முடியுமா?"

தோழி பையிலிருந்து தன் கைபேசியை எடுத்தாள்.

"நானும் அந்த சைட்டுல ஒரு கோலக் குரூப்பு நடத்துதேன்லா. எப்படிப் பூட்டணும்? சொல்லிக்குடு."