இயந்திரம் வந்தது, தண்ணீர் வரவில்லை

அவைக்குத் தலைமை தாங்கும் வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கத் தலைவி மங்கையற்கரசி அம்மையார் அவர்களே! நாடி பிடித்து எங்கள் நாட்களை நீட்டித் தரும் வைத்தியப் பெருமக்களே! வெள்ளைச் சீருடைக்குள் தாய்மனம் தாங்கிய தாதிய சகோதரிகளே! உப்புக் காற்றில் உரமேறிய பள்ளிமுனைப் பெரியோரே! சேற்றில் கால் பதித்து எங்கள் சோற்றுக்கு வழி செய்யும் உயிலங்குளத்து, முருங்கன் உழவர்களே! மடியில் மழலையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மாரே! யாவரையும் இரு கரம் குவித்து வணங்குகிறேன்.

என்ன? "மைக்கைக் கிட்டப் பிடியுங்கோ ஐயா" என்கிறார் கடைசிக் கதிரையில் ஒருவர். பிடிக்கிறேன் தம்பி.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் செல்வநாயகம். முப்பத்தோராண்டுகள் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவன். நான் ஓய்வு பெற்ற மறு வருடமே என் இரு சிறுநீரகங்களும் ஓய்வு கேட்டன. என் விண்ணப்பத்தைவிட அவற்றின் விண்ணப்பம் விரைவாக அங்கீகரிக்கப்பட்டது! சிரியுங்கள், நானும் சிரித்துத்தான் சமாளித்தேன். வாரம் இருமுறை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்தால்தான் உயிர். அந்த இயந்திரமோ அயல் மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரியில். போக இரண்டரை மணி. வர இரண்டரை மணி.

அன்பர்களே, அந்த வான் பயணங்களை நான் மறப்பேனா? விடியும் வேளையில் வஸீரின் வெள்ளை வான் வாசலில் வந்து நிற்கும். முன்னிருக்கையில் பள்ளிமுனைக் கடற்றொழிலாளி ரொபின்சன். பின்னிருக்கையில் உயிலங்குளத்து நல்லையாவும் அவர் மனைவி அழகம்மாவும். மலைநாட்டிலிருந்து பத்து வயதில் பெற்றோரோடு வந்து, காடு வெட்டிக் கழனியாக்கியவர் நல்லையா. நோயாளிகள் மூவருக்கும் தண்ணீர் அளந்துதான்; ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குவளை. அந்தத் தாகத்தில் அவர் தொடங்குவார்: "எங்க தோட்டத்துல பைப்பைத் திறந்தா தண்ணி பல்லு கூசுமுங்க!"

வஸீர் கத்துவார்: "நல்லையாண்ணே, தண்ணிக் கதைய விடுங்கோ, எனக்கே தாகமாக் கிடக்கு!"

மூன்று நோயாளிகளும் வான் குலுங்கச் சிரிப்போம். நோய் மறக்கும், தூரம் மறக்கும். அப்படிச் சிரித்த நாட்கள் என் வாழ்நாளில் எத்தனை?

அப்போதுதான் செய்தி வந்தது. எங்கள் வைத்தியசாலைக்கே இரண்டு இயந்திரங்கள்! நாடா வெட்டினார்கள், படம் பிடித்தார்கள், பால் பொங்க வைத்தார்கள். நாங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தோம். கதவு திறக்கவில்லை. தாதி துஷ்யந்தியிடம் போய்க் கேட்டேன்.

"ஐயா, ஒருத்தரை ஒருக்காச் சுத்திகரிக்க நூற்றி இருபது லீற்றர் நல்ல தண்ணி வேணும். எங்கட கிணத்தில உப்பு. சுத்திகரிக்கிற பிளாண்ட் இல்லை. இதை ஓட்டப் பழகின ஆளும் இல்லை. இப்படியே போட்டால் உயிருக்கு ஆபத்து" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

கண்டீர்களா? கடல் கடந்து இயந்திரம் வந்தது; கூப்பிடு தூரத்தில் இருந்த நன்னீர் வரவில்லை! யார் தவறு? தண்ணீர் கேட்டும் ஆள் கேட்டும் எழுதிய ஒவ்வொரு கடிதமும் ஒவ்வொரு மேசையில் உறங்கியது. முப்பத்தோராண்டுகள் கடிதங்களோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்: உறங்கும் கடிதம் உயிர் குடிக்கும்.

மார்கழி மழை வந்தது. குளங்களெல்லாம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தன. எங்கள் வான் மட்டும் பாய முடியாமல் நின்றது. வீதி வெள்ளத்தில். ரொபின்சனும் நானும் மூன்று நாட்களுக்கு முன்னர்தான் சுத்திகரித்திருந்தோம். நல்லையாவுக்கோ, காய்ச்சலால் முந்திய முறையும் தவறியிருந்தது. நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டியது. வஸீர் உழவு இயந்திரத்தில் அவரை ஏற்றி, இடுப்பளவு வெள்ளத்தைக் கடந்து இங்கே கொண்டுவந்தார். அப்பால் கொண்டுபோக வழியில்லை. வைத்தியர்கள் இரவு பகலாகப் போராடினார்கள்.

எனக்கும் கால் வீங்கியிருந்ததால் அடுத்த கட்டிலில் நான் கிடந்தேன். எதிரே கண்ணாடிக் கதவு. அதற்குள் பொலித்தீன் போர்த்திய இரண்டு உருவங்கள்.

"ஐயா, அந்தா தெரியுதே... அதானுங்களா நம்ம மெசினு?"

"ஓம் நல்லையா."

"நல்லா இருக்குங்க. புத்தம் புதுசா இருக்குங்க."

குறை சொல்லவில்லை அவர்! அந்தப் பெருந்தன்மையை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை, அந்தக் கதவுக்கு இருபது அடி தூரத்தில், அவர் மூச்சு நின்றது.

நல்லையாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்த வாரம். சங்கக் கூட்டத்துக்கு அழகம்மா வந்தார். அழவில்லை. "நான் சண்டை போட வரலைங்க. என்னா கொறையுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். தலைவி அம்மையார் ஒவ்வொன்றாக வாசித்தார்: நன்னீர்க் குழாய், சுத்திகரிப்புப் பிளாண்ட், பயிற்சி பெற்ற தாதி.

"குழாய் போடணும்னா மண்ணு வெட்டணும். அது எனக்குத் தெரியுமுங்க."

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்து தனியாக நின்றார், ஐயா, தனியாக! மதியத்துக்குள் தேவாலயத்தில் பூசை முடித்து ரொபின்சனின் ஆட்கள் வந்தார்கள். வஸீர் தன் பள்ளிவாசல் நண்பர்களோடு வந்தார். உழவர்கள் வந்தார்கள். நான்கு ஞாயிறுகளில் நன்னீர்க் கிணற்றிலிருந்து வைத்தியசாலை வரை குழாய் பதிக்கக் கான் வெட்டி முடிந்தது. வெட்டிய கானைப் பார்த்த அதிகாரிகளால் அதற்குப் பிறகு கடிதத்தை உறங்க வைக்க முடியுமா? பிளாண்ட் வந்தது. துஷ்யந்தி பால்குடி மறக்காத பிள்ளையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு ஆறு மாதம் பயிற்சிக்குப் போனாள். மகளே, நீ அழுது கொண்டு பஸ் ஏறியதை நான் பார்த்தேன், வணங்குகிறேன்.

இன்று அந்தக் கண்ணாடிக் கதவு திறந்தது; கடந்த வியாழன்தான் அயல் மாவட்டத்துக்கு எங்கள் கடைசி வான் பயணம். வாசலில் என்னை இறக்கிவிட்ட வஸீர் போகாமல் நின்றார். "ஐயா, இனித் திங்கக்கிழமையில நான் என்ன செய்யிறது?" என்றார். அவரும் அழுதார், நானும் அழுதேன். ஏன் தூணுக்குப் பின்னால் ஒளிக்கிறீர் வஸீர்? கை தட்டுங்கள் சபையோரே, அவருக்குக் கேட்க வேண்டும்!

வஸீருக்கு இந்த மேடையில் மறுமொழி சொல்கிறேன். சுற்றுக் கிராமங்களில் இதே நோயோடு இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அதிகாலையில் அவர்களுக்கு பஸ் இல்லை. உங்கள் வானும் இந்த வைத்தியசாலையின் ஒரு பகுதியே என்று சங்கம் தீர்மானிக்க வேண்டும். தலைவி அம்மையார் தலையசைக்கிறார்! பதிவு செய்யுங்கள்.

அடுத்த வருடம் புதிய ஸ்கேன் இயந்திரம் வரும் என்றார் எனக்கு முன் பேசியவர். வரட்டும்! வளரும் விஞ்ஞானத்தை வாசல் திறந்து வரவேற்போம். ஆனால் அதற்கு மின்சாரம் எங்கே, இயக்கும் கை எங்கே, பழுது பார்க்கும் ஆள் எங்கே, நோயாளி வந்து சேரும் வழி எங்கே? இவற்றை முதலில் கேட்போம். பிறகு பெட்டியை இறக்குவோம்.

பெட்டி உடைக்கும் நாளில் என்னை அழைக்காதீர்கள். முதல் நோயாளி குணமாகி எழுந்து தன் காலால் வீட்டுக்கு நடந்து போவாரே, அன்று அழையுங்கள். உயிரோடு இருந்தால், மாலையோடு முதல் ஆளாய் வந்து நிற்பேன்!

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கும், கான் வெட்டிய ஒவ்வொரு கைக்கும், அழகம்மா என்ற அந்தத் தாய்க்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. சுகமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.