பின்சீட்டுக்கு அடியில ஒரு மஞ்ச ஒயரு

உக்காருங்க சார், உக்காருங்க. காரு டிரையலுக்குப் போயிருக்குது, வந்துடும். நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி.ய வச்சிகினு பிரேக்கப் பாக்காம எப்படிக் குடுக்கறது? உங்க ஸ்கூட்டரு சத்தம்தான் சரியில்ல. ஆர்ச்சு தாண்டறப்பவே இங்க கேட்டுது. அதான் நீங்க மூஞ்சி கழுவிகினு இருந்த நேரத்துல பிளக்கக் கழட்டிட்டேன். பாருங்க, முழுக்க கரி. ரெண்டே நிமிஷம், தேச்சி மாட்டிடறேன்.

வூட்ல அம்மா போன் எடுக்கலையா? தூங்குவாங்க சார். நீங்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுன்னா அவங்க நாலு மணிக்கே எழுந்து டிபன் கட்டணும் இல்ல? திருப்பித் திருப்பிப் போட்டா பாவம். டீ சொல்லட்டுமா? வாணாமா. சரி.

பெட்ரோல் முள்ளா? ஜம்முனு எழுந்துடுச்சி சார். நீங்க போன்ல சொன்ன மாதிரியே ஒயர மாட்டிட்டேன். எஃப்.சி.க்கு மட்டும் மாட்டுடா கலியா, முடிஞ்சதும் கழட்டிடுன்னீங்களே, எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. ரெண்டு வருஷமா செத்துக் கெடந்ததுக்கு ஒரு நாளு உசுரு.

உங்களுக்கு ஞாபகம் இருக்குதோ இல்லியோ, மொதல்ல அது நெசமாவே கெட்டுதான் போச்சி. தொண்ணூத்தியெட்டு மாடலு. டேங்குக்குள்ள ஒரு மிதவ இருக்கும் சார், பெட்ரோலு ஏறுனா அது ஏறும், எறங்குனா எறங்கும், அது சொல்றததான் முள்ளு காட்டும். அதுல பொத்தல் வுழுந்து உள்ள பெட்ரோல் போயி முழுகிடுச்சி. டேங்கு நெறைய இருந்தாலும் முள்ளு எம்ட்டியிலயே படுத்துகினு கெடக்கும். அம்மாதான் கொண்டாந்தாங்க. நான் புது மிதவ போட்டு, முள்ளு நேரா நின்னதும் உங்க பாப்பா கை தட்டுச்சி.

அன்னிக்கு சாயங்காலம் நீங்க வந்தீங்க. தோ, அந்த வேப்பமரத்தாண்ட கூட்டிகினு போயி சொன்னீங்க. முள்ளுக்குப் போற ஒயரக் கழட்டி வுட்டுடு, முள்ளு எம்ட்டியில இருந்தாதான் பொம்பளைக்கு பயம் இருக்கும், மார்க்கெட்டு, ஸ்கூலு, வூடுன்னு கெடப்பா. அம்மா கேட்டா திரும்பக் கெட்டுபோச்சி, பார்ட் கெடைக்கலன்னு சொல்லிடு. நான் ஏன் தலையாட்டுனேன்? அந்த வாரந்தான் எம் மவன் வளவனுக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லி மைன்ஸ்ல காண்ட்ராக்ட் வேல, கேட் பாஸ் எல்லாம் வந்துச்சி. பாஸ ஆறு மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். நானும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாயப் பொத்திகினேன்.

இல்ல சார், கோவமா எல்லாம் சொல்லல. பிளக்கு தேய்க்கற வரைக்கும் பேச்சுத்தொணைக்கு சொல்றேன்.

டிரையலு இவ்ளோ நேரமான்னா, பழைய வண்டி சார், மெதுவாதான் ஓட்டணும். அதுவும் அவங்க அப்பா ஓட்டின வண்டி. மதுரையில அதுலதான் ஓட்டக் கத்துகினேன் அண்ணாச்சின்னு அம்மா சொல்லுவாங்க. இங்க யாரும் என்ன அண்ணாச்சின்னு கூப்பிட மாட்டாங்க. உங்க பக்கத்துப் பேச்சு அது.

ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பாட்டில்ல ரெண்டு லிட்டர் வாங்கியாந்து நீங்களே ஊத்துவீங்க. பங்க்லயும் சொல்லி வச்சிட்டீங்க, மேடம் வந்தா எனக்கு ஒரு போன் போடுன்னு. பஸ்ஸுல போவலாம்தான். ஆனா நம்ம டவுன்ஷிப்பு கத தெரியாதா? பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பள பையோட நின்னா போதும், எந்த பிளாக்குக்காரராவது பாத்துட்டு, என்ன சசிகுமார், வூட்ல ஊருக்கான்னு ஷிஃப்ட் முடியறதுக்குள்ள கேட்டுடுவாரு. போன வருஷம் பஸ்ஸுல ஏறி உக்காந்தவங்கள நீங்க வந்து எறக்கி கூட்டிகினு போனத டீக்கடையில பேசிகினாங்க. நான் எழுந்து வந்துட்டேன். எனக்கு என்ன ரோசம்? ஒயரக் கழட்டினவன் நான்.

முள்ளு பொய் சொன்னா மனுஷங்க வேற வழி கண்டுபுடிக்கறாங்க சார். அம்மா வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி பின்னால கைய வச்சி ஆட்டுவாங்க, பாத்திருக்கீங்களா? உள்ள பெட்ரோலு சலக்கு சலக்குன்னும். அத வச்சி மார்க்கெட்டுக்குப் போயி திரும்பலாமா வாணாமான்னு கணக்கு பண்ணுவாங்க. ஒரு தபா நான் பாத்துட்டேன். சிரிச்சாங்க. நான் சிரிக்கல.

இந்தத் தைப்பூசத்துக்கு வடலூர்ல பெட்ரோல் இல்லாம வண்டி நின்னுபோனது ஞாபகம் இருக்குமே. ஜோதி பாக்க பாப்பாவ கூட்டிகினு போயிருந்தாங்க. நீங்க போன் பண்ணி, நான் பாட்டிலோட வந்தேன், நீங்களும் வந்தீங்க. அத்தன ஜனத்துக்கு நடுவுல கேட்டீங்க, முள்ளு எம்ட்டியில இருக்கறது தெரியலியா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குன்னு. அவங்க உங்கள வுட்டுட்டு என்னப் பாத்தாங்க. அண்ணாச்சி, அந்தப் பார்ட் இன்னும் வரலியான்னாங்க. மெட்ராசுல சொல்லி வச்சிருக்கேம்மான்னேன். வாடிய பயிரக் கண்டு வாடுனவரு எடத்துல நின்னுகினு சொன்ன பொய்யி சார்.

இருங்க, எங்க எழுந்துட்டீங்க? பிளக்கு என் கையில இருக்குது. நடந்தா போவப் போறீங்க, இந்த வெயில்ல?

அம்மாவோட அம்மா படுத்த படுக்கையா இருக்கறது எனக்கே தெரியும் சார், உங்களுக்குத் தெரியாதா? மதுரையில, பெரிய பொண்ணு வூட்ல. ஒரு பக்கம் கை கால் வரல. ரெண்டு வருஷமா போன்ல கொழறிக் கொழறி ரெண்டு வார்த்த, அவ்ளோதான். அடுத்த மாசம் கூட்டிகினு போறேன், அடுத்த மாசம் கூட்டிகினு போறேன். நீங்க சொல்ற அந்த மாசம் எந்த காலண்டர்லயும் வரல. போன வாரத்துலேந்து அந்தக் கெழவிக்கு பேச்சும் நின்னுபோச்சாம். இத நீங்க யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டீங்க. காலையில வண்டிய வுட வந்தப்ப அம்மா சொன்னாங்க. அழுவல. ஆயில் மாத்தணும் அண்ணாச்சின்னு சொல்ற மாதிரியே சொன்னாங்க.

ம்? என் போனுதான். இருங்க.

ஒண்ணுமில்ல சார், மிஸ்டு காலு.

சரி. இந்தாங்க, பிளக்க மாட்டிட்டேன். இப்ப ஒதைங்க, ஸ்டார்ட் ஆவும். ஆனா போறதுக்கு முன்னாடி கேட்டுகினு போங்க, அப்பறம் ஊரெல்லாம் தேட வாணாம்.

டிரையலுன்னு சொன்னது பொய்யி. உங்களுக்காக ரெண்டு வருஷம் பொய் சொன்னேன், அவங்களுக்காக ஒரு அர மணி நேரம் சொன்னேன். காலையில பின்சீட்டத் தூக்கி, டேப்பு சுத்தி நான் சொருவி வச்சிருந்த மஞ்ச ஒயர அம்மாகிட்ட காட்டுனேன். இதான் வராத பார்ட்டுன்னேன். அத வெரலால தொட்டுப் பாத்தாங்க. செருப்பக் கழட்டி அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். அடிக்கல. மதுரை எத்தன கிலோமீட்டர் அண்ணாச்சின்னாங்க.

நானே வடலூர் பங்குக்கு ஓட்டிகினு போயி, டேங்கு வாய் வரைக்கும் போட்டுகினு வந்தேன். ஸ்கூல் மத்தியான பெல்லுக்கு பாப்பாவக் கூட்டிகினு கெளம்பிட்டாங்க. விருத்தாசலம் தாண்டி நாலு வழி ரோட்டுல ஏறுனதும் ஒரு மிஸ்டு கால் குடுங்கம்மான்னு சொல்லி அனுப்புனேன். அது வந்துடுச்சி.

கத்தாதீங்க சார். வளவன் பாஸுதான? வாங்கிக்கங்க. காலையிலயே அவன்கிட்ட சொல்லிட்டேன், நாளைலேந்து பட்டறைக்கு வாடான்னு.

திரும்பி வருவாங்களான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல. ஒண்ணுதான் சார் மனசுல நின்னுகினு இருக்குது. முள்ளு ஃபுல்லுல நிக்குது, கண்ணால பாக்கறாங்க, ஆனா நம்பல. எறங்கி வந்து, பழக்கத்துல வண்டியப் புடிச்சி ஆட்டுனாங்க. சத்தமே வரல. மொகம் செத்துபோச்சி. அண்ணாச்சி, நீங்களும் திரும்ப என்ன ஏமாத்துறீங்களான்னாங்க.

இல்லம்மா, நெறகொடம் தளும்பாதுன்னேன். அப்பறந்தான் ஏறுனாங்க.