இரட்டைக் கிளைக்கு இடது பக்கம்

இந்தக் காலத்துக் கார்களுக்குப் பொறுமை என்பதே கிடையாது. கதவு சரியாக மூடாவிட்டால் ஒரு சத்தம், விளக்கை அணைக்க மறந்தால் ஒரு சத்தம், பெல்ட் போடாவிட்டால் நிற்காமல் ஒரு சத்தம். என்னுடைய பழைய வண்டி வாயே திறக்காது. காரெலின் வண்டி அவனைப் போலவே, ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே வரும்.

நீங்கள் விசாரணை மேசையில் வைத்திருக்கும் புகைப்படத்தைப் பார்த்துவிட்டேன். கடலுக்கடியிலிருந்து வண்டியைத் தூக்கிய பிறகு எடுத்தது. ஓட்டுநர் பக்கத்து பெல்ட் அறுபட்டிருக்கிறது. அவனை வெளியே எடுக்க அறுத்திருக்கிறார்கள். என் பக்கத்து பெல்ட் பூட்டியபடியே இருக்கிறது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. அது எப்படி என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. எங்கள் தீவுப் போலீஸ்காரனுக்கு அது தோன்றவில்லை. அவன் என் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவன், எதுவுமே அவனுக்கு உரிய நேரத்தில் தோன்றாது.

காரெலும் நானும் ஒரே தீவில் பிறந்து ஒரே பள்ளியில் படித்தோம். அவன் இசை படிக்கத் தலைநகர் தாலினுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். பெரிய குழுக்களை நடத்தினான், வெளிநாடெல்லாம் போய் வந்தான். நான் தீவிலேயே இருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன், ஊர்ப் பாடகர் குழுவை நடத்தினேன். மீன்காரர்களும் தபால்காரியும் பால்பண்ணைப் பெண்களும் சேர்ந்த குழு. சுருதி என்றால் வலைக்குப் போடும் கயிறு என்று நினைக்கிறவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் காலம் தள்ளியதற்கே எனக்கு ஒரு சிலை வைக்கலாம்.

காரெலுக்கு வழி கண்டுபிடிக்கத் தெரியாது. சின்ன வயதில் காளான் பொறுக்கக் காட்டுக்குப் போனால் தொலைந்துபோவான். ஊரே திரண்டு தேடும். கூட்டிவந்து சானா என்கிற நீராவி அறையில் உட்கார வைத்துச் சூடேற்றி, சூப் ஊற்றி, சிரித்துக் கொண்டாடுவார்கள். நான் ஒருநாளும் தொலைந்ததில்லை. அதனால் என்னை யாரும் தேடியதுமில்லை.

அன்று நான் கண் மருத்துவரைப் பார்க்கத் தாலின் போயிருந்தேன். காரெல் தீவுக்கு வருவதாகவும், தன் வண்டியிலேயே என்னையும் அழைத்துப் போவதாகவும் சொன்னான். கரையோர ஊரான ஹாப்சலு தாண்டியதும் நேராகப் போகிற நல்ல சாலையை விட்டுக் காட்டுப்பாதையில் திருப்பினான்.

"இது சுத்துடா," என்றேன்.

"நீ பேசாம வா. பழைய பாதைடா இது. பாத்து எத்தனை நாளாச்சு."

பழைய பாதை எங்களை ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் விட்டது. பிறகு இன்னொரு பாதை, பிறகு அதே சதுப்பு. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பகுதி எனக்கு அத்துப்படி. இரண்டு திருப்பத்தில் வெளியே வந்திருக்கலாம். கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். அவன் என்னைக் கேட்கவில்லை. ஒரு பண்ணை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பனி வாரிக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டான்.

"எங்க போறீங்க தம்பி? கடல் இந்தப் பக்கம் இல்லையே."

"அதத்தான்கா தேடிக்கிட்டிருக்கேன். அவ்ளோ பெரிய கடலு, எங்க வச்சேன்னே தெரியல."

இதற்கு அந்த அம்மாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். உள்ளே கூப்பிட்டாள். என்னையும் கூப்பிட்டாள், நான் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காப்பி, கறுப்பு ரொட்டி, உப்புமீன். சற்று நேரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. அவள் பாட, இவன் மேசையில் தாளம் தட்டிக்கொண்டு கீழ்க்குரல் சேர்த்தான். அவள் குரல் கரகரப்பு. என் குழுவில் சேர வந்திருந்தால் நாற்காலி அடுக்கத்தான் விட்டிருப்பேன். அவன் பக்கத்தில் அது பாட்டு மாதிரியே கேட்டது. வழி தெரியாத ஒரு அசடனை இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற நாடு வேறெங்காவது இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து வண்டியை எடுத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"டேய் ஹெய்னோ, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காத. ஹெல்வே போன் பண்ணாங்க."

ஹெல்வே எங்கள் குழுவின் நிர்வாகத் தலைவி. என் பக்கத்து வீட்டுக்காரி. காலையில் என்னிடம் முட்டை கொடுத்துவிட்டு மாலையில் அவனுக்குப் போன் செய்திருக்கிறாள்.

"குழுவ நான் நடத்தணுமாம். எல்லாரும் கூடிப் பேசிட்டாங்களாம். கோடையில தாலின்ல பாட்டு விழா வருது பாரு, இந்தத் தடவையாவது தேர்வாகணும்னு ஆசப்படறாங்க."

"சரி."

"என்னடா சரி? நீ வேணாம்னா வேணாம். உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு, முடியாதுன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குத் திரும்பிப் போயிடறேன். சத்தியமா."

"எதுக்கு? தாராளமா எடுத்துக்க. எனக்கும் ஓய்வு வேணும்."

அவன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை நீட்டி என் தோளைத் தட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு அதெல்லாம் சுலபமாக வரும்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். ஒரு 'வேண்டாம்' போதுமே என்பீர்கள். போதும்தான். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் இருப்பான். ஆனால் அதற்குப் பிறகு என் குழு அவன் எனக்குப் போட்ட பிச்சையாக இருந்திருக்கும். ஒவ்வொரு ஒத்திகையிலும் முப்பது முகங்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு பாடும். அதை நான் விரும்பவில்லை. எந்த மனிதனும் விரும்ப மாட்டான்.

கரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பண்ணை வீட்டில் பாடியதிலேயே நேரமெல்லாம் போய்விட்டிருந்தது. குளிர்காலத்தில் தீவுக்குப் போக உறைந்த கடல்மேல் அரசாங்கம் போட்ட பாதையை மூடி, குறுக்கே கட்டையைப் போட்டிருந்தார்கள். மூடுபனி இறங்குவதாகக் காவலர் சொன்னார். காலையில் வரச் சொன்னார். காரெல் ஹாப்சலுவில் தங்கலாம் என்றான். நான்தான் எங்கள் ஊர்க்காரர்களின் பாதை ஒன்று தெற்கே இருப்பதாகச் சொன்னேன். அங்கே கட்டையும் இல்லை, காவலரும் இல்லை. பனிக்கட்டியில் துளை போட்டு ஜூனிப்பர்ப் புதர்க் கிளைகளை வரிசையாக நட்டிருப்போம். கிளையைப் பார்த்துக்கொண்டே போனால் வீடு. மீண்டும் வண்டியில் ஏறும்போது என் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். வண்டி ஏமாந்துவிடும், சத்தம் வராது.

உறைந்த கடலில் பெல்ட் போடக்கூடாது. இது எங்கள் தீவில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். பனி உடைந்தால் கதவைத் திறந்துகொண்டு குதிக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதற்காகத்தான் ஜன்னலையும் இறக்கி வைப்போம். காரெலுக்கும் அது மறந்திருக்கவில்லை. சக்கரம் பனியைத் தொட்டதும் பெல்ட்டைக் கழற்றினான். உடனே அவன் வண்டி கத்தத் தொடங்கியது.

"தல வலிக்குதுடா," என்றேன். "கண்ணுல மருந்து வேற விட்டிருக்காங்க. இந்தச் சத்தம் மண்டையப் பொளக்குது."

"என்ன பண்ணச் சொல்ற? இங்க பெல்ட் போடக்கூடாதே."

"கிளை நட்ட பாதைடா இது. மீன் லாரியே போகுது."

"ஐயோ, இத முன்னாடியே சொல்றதுக்கென்ன," என்றான். பூட்டிக்கொண்டான். வண்டி அமைதியானது.

முதுகுக்குப் பின்னால் பூட்டும் வித்தையை நான் அவனுக்குச் சொல்லியிருக்கலாம். அவன் கேட்கவில்லை.

மூடுபனியில் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தடவித் தடவிப் போனோம். அவன் மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டு வந்தான். நடுவழியில் இரண்டு கிளைகளைக் குறுக்காகச் சேர்த்துக் கட்டி நட்டிருந்தது.

"இதென்னடா ஜோடியா நிக்குது?"

"திருப்பம். இடது பக்கம் போ."

அது திருப்பமில்லை. அடியில் நீரோட்டம் இருக்கிறது, பனி மெலிந்திருக்கிறது, வலது பக்கம் விலகிப் போ என்று எங்கள் ஊர் வைக்கிற அடையாளம். அவன் தீவை விட்டுப் போன பிறகு வந்த பழக்கம். தீவுப் போலீஸிடம் முதலில் கொடுத்த வாக்குமூலத்தில், கண் மருந்தால் பார்வை மங்கிக் கிளைகள் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். நன்றாகத் தெரிந்தது. அந்தக் கிளைகளைக் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

"நல்லவேள நீ கூட வந்தே," என்றான் காரெல். "நான் தனியா வந்திருந்தா தொலஞ்சிருப்பேன்." இடது பக்கம் திருப்பினான்.

பனி உடையும்போது பெரிய சத்தமெல்லாம் இல்லை. முன்சக்கரம் இறங்கியது, வண்டி குனிந்தது, தண்ணீர் முழங்கால் வரை வந்தது. என் கை முன்பே கதவுப் பிடியில்தான் இருந்தது. திறந்துகொண்டு வெளியே உருண்டு வயிற்றால் ஊர்ந்து கெட்டியான பனிக்கு வந்துவிட்டேன். அவன் பெல்ட்டோடு போராடிக்கொண்டிருந்தான். கை விறைத்துப்போயிருக்க வேண்டும். திறந்த ஜன்னல் வழியாக அவன் குரல் கேட்டது.

"ஹெய்னோ, நீ ஏறிட்டியாடா?"

கழுத்துவரை தண்ணீரில் இருப்பவன் கேட்கிற கேள்வியா அது? கடைசிவரைக்கும் எதை முதலில் செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏறிவிட்டேன் என்றேன். பொய் சொல்லவில்லை.

ஆமாம், இறங்குவதற்கு முன்னால் அவன் பெல்ட்டை விடுவிக்கும் சிவப்புப் பொத்தானை நான் அமுக்கியிருக்க முடியும். என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அமுக்கவில்லை. இதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நான் ஏன் ஒளிக்காமல் சொல்கிறேன் என்று யோசிக்கிறீர்கள். ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? பாவம் ஹெய்னோ, மூடுபனியில் வழி தவறிவிட்டான் என்கிறார்கள். கடைக்குப் போனால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஹெல்வே சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உன் மேல தப்பில்ல ஹெய்னோ, யாரா இருந்தாலும் தொலஞ்சுதான் போயிருப்பாங்க," என்று அழுகிறாள். நான் வழி தவறவில்லை. என் வாழ்நாளில் ஒரு தடவைகூட வழி தவறியதில்லை. அது எழுத்தில் இருக்க வேண்டும்.

அடக்கத்தன்று எங்கள் குழுதான் பாடியது. வேறு யார் இருக்கிறார்கள், நான்தான் நடத்தினேன். கல்லறைத் தோட்டத்தில் காற்று அடித்தது, பனி தூறியது. மேல்குரல் முதல் கீழ்க்குரல் வரை நான்கு வகைக் குரலும் ஒன்றுசேர்ந்து வந்தன. ஒருவர்கூடச் சுருதி பிசகவில்லை. தாலினிலிருந்து வந்திருந்த இசைக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருஷத்தில் என் குழு அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. எல்லார் கண்ணும் சவப்பெட்டிமேல்தான் இருந்தது. பாட்டு முடியும்வரை ஒருவர்கூடத் தாளம் காட்டிய என் கையைப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறேன்.